நினைவு தப்பிய பன்னிரண்டாவது கணவன்

நினைவு தப்பிய கணவர்கள் விஷயத்தில் அவளுக்கு இருந்த அனுபவம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குக்கூட இருந்திருக்காது. ஒரே வருடத்தில் பதினொரு பேரைப் பார்த்திருந்தாள். ஒருவன் கப்பல் முதலாளி, குதிரையிலிருந்து விழுந்தான். ஒருவன் இதய டாக்டர். இதயமே இல்லாதவன் என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது கார் கவிழ்ந்து மூளையும் போனது. இன்னொருவன் எதிலிருந்தும் விழவில்லை, வெறும் காய்ச்சலிலேயே மறந்துவிட்டான். எழுதிய அம்மாவுக்கு ஏதோ அவசரம் போல. பதினொரு பேரும் பெண்டாட்டியை மறந்தார்கள். பதினொரு பேரும் அதே பெண்டாட்டியைப் பார்த்து இன்னொரு தடவை காதலில் விழுந்தார்கள். தலையில் கட்டுப் போட்டிருப்பார்கள், ஆனால் முடி கலைந்திருக்காது.

எல்லாம் கைப்பேசியில் படித்த தொடர்கதைகள். அவளுக்கு வேலை, ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விரிப்பு துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில், பெரிய துவைப்பு மெஷினைப் பார்த்துக்கொள்வது. துணியைத் திணித்துக் கதவைச் சாத்தினால் அது சுற்றி நிற்பதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடும். ரத்தக்கறை விரிப்பென்றால் மூன்று. அதனால் அங்கே அவளுக்குப் பெயரே அத்தியாயம்.

அவளுக்கு அங்கே ஒரே கூட்டாளி மடிப்பக்கா. துவைத்ததை மடித்து அடுக்குகிறவள், இவளைவிடப் பத்து வயது மூத்தவள். இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து அந்த வாரம் படித்ததையெல்லாம் அலசிக் காயப்போடுவார்கள். ஒப்பந்தக் கல்யாணம் அத்தியாயத்துக்குப் பிடிக்கும். மழையில் மாட்டிக்கொண்டு ஒரே அறையில் தங்க நேர்வது இருவருக்கும் பிடிக்கும். மடிப்பக்காவின் தனிப் பலவீனம் முரட்டு நாயகன். நாற்பது அத்தியாயம் எரிந்து விழுவான், கடைசியில் பார்த்தால் சின்ன வயதில் ஒரு சோகம் இருக்கும்.

“என் வீட்டுக்காரரும் முரடுதான்,” என்பாள் மடிப்பக்கா. “சோகம்தான் ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது. அவங்க அம்மாகிட்டகூடக் கேட்டுப் பாத்துட்டேன். நல்லா வளந்த பிள்ளையாம்.”

அத்தியாயத்தின் கணவன் முரடும் இல்லை, முதலாளியும் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் வீட்டில் சண்டை என்பதே கிடையாது. கதைகளில் புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள் என்றால் நடுவில் ஒரு தப்பெண்ணம் இருக்கும். யாரோ ஒரு சித்தி மகள் பொய் சொல்லியிருப்பாள். அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயத்துக்கு இரண்டு பேரும் முப்பது அத்தியாயம் அழுவார்கள். இவர்கள் உண்மையிலேயே உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் பேசினார்கள். பேசியதில் எல்லாம் தெளிவாகிவிட்டது: அவன் போகிறான். மாதம் முடிந்ததும் தம்பி வீட்டு மாடி அறைக்கு மாறுவதாக ஏற்பாடு.

மாதம் முடிவதற்குள் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் பலகை நழுவி, லிஃப்ட் இன்னும் மாட்டாத லிஃப்ட் குழிக்குள் விழுந்தான்.

கதையில் நாயகன் கண் விழித்ததும் ‘நீ யார்?’ என்பான். இவன் கண் விழித்து மூன்று நாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. மூத்திரத்துக்குக் குழாய் போட்டிருந்தார்கள். மழித்த தலையின் ஒரு பக்கத்தைப் பழைய பந்தைத் தைத்த மாதிரி தைத்திருந்தார்கள். நாலாம் நாள் அவளைப் பார்த்து வாய் திறந்தான்.

“சிஸ்டர், தண்ணி.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தேவிட்டார். நிஜ சிஸ்டர் ஓடி வந்து, இவர் உங்கள் சம்சாரம் என்று விளக்கினாள். அவன் எழுந்து உட்கார முயன்று, அவளிடம் மன்னிப்புக் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எட்டு வருடம் போல அழிந்திருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம். தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, பழைய கம்பெனியிலேயே வேலை பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். புதிதாகச் சொல்வதும் முழுசாக ஒட்டாது, அதுவும் பொழுது சாய்ந்து அலுப்பு வந்துவிட்டால் சல்லடையில் ஊற்றிய மாதிரிதான். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குள் ஒன்று எழுந்தது. அது துக்கம் இல்லை. அழிந்துபோன எட்டு வருடத்தோடு அந்த அஞ்சு நிமிஷமும் அழிந்துவிட்டது என்ற எண்ணம். வெட்கமாக இருந்தது, இருந்தும் மறுபடி மறுபடி அதையே நினைத்தாள்.

மடிப்பக்காவிடம் விபத்தைச் சொன்னாள், மாடி அறையைச் சொல்லவில்லை. மடிப்பக்கா விரிப்பை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உனக்குன்னே எழுதி வச்சிருக்குடி. இனி அவரு உன்னைப் புதுசா லவ் பண்ணுவாரு. நான் பண்ண பாவம், எங்க ஆளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கல்யாணத்தன்னிக்கு நான் யாரைப் பாத்துச் சிரிச்சேன்ற வரைக்கும்.”

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் படித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். முதலில் கல்யாணப் படங்கள். அவன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் படத்தையே பார்த்து, மாப்பிள்ளைக்கு ரொம்பப் பசி போல என்றான். அடுத்து, கல்யாணமான புதுசில் போட்டுக்கொண்ட அதே வாசனைத் தைலம். அவனுக்குத் தலைவலி வந்தது. தூக்கத்தில் நாயகனின் கை தானாக நாயகியின் கையைத் தேடும் என்பது பதினொரு கதையிலும் உண்டு. அதற்காகப் பல ராத்திரி கையைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தாள். ஒரு தடவை அவன் கை தேடத்தான் செய்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

கடைசி அஸ்திரம், அவர்கள் முதலில் சந்தித்த லிஃப்ட். ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில் அவள் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொள்ள, கதவை நெம்பித் திறந்து கை கொடுத்தவன் அவன். எந்தத் தொடர்கதைக்கும் குறையாத முதல் அத்தியாயம். அங்கே கூட்டிப் போனாள். லிஃப்ட் கதவு திறந்ததும் அவன் நடுங்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கதையில் அந்த இடத்தில் நினைவு திரும்பும். இவனுக்கு மத்தியானம் சாப்பிட்டது திரும்பியது. அவள் வாளி கேட்டு வாங்கித் துடைத்தாள். அவன் படியிலேயே உட்கார்ந்து, உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மற்ற நேரத்தில் கடந்த காலத்தைக் கேட்பான். அவள் சொல்வாள், சொல்லும்போதே வேண்டாததை வெட்டி, வேண்டியதைச் சேர்த்து. நாம் சண்டையே போட்டதில்லையா என்று ஒரு நாள் கேட்டான். இல்லை என்றாள், அது ஒன்றுதான் அவள் அவனிடம் கலப்படமில்லாமல் சொன்னது. பழைய கம்பெனியில் தனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த குள்ளண்ணன் ஏன் ஒரு தடவைகூடப் பார்க்க வரவில்லை என்று அடிக்கடி கேட்டான். வெளியூரில் இருக்கிறார் என்பாள். மறந்துவிட்டு மறுபடி கேட்பான், மறுபடியும் வெளியூர்.

அவன் தம்பி பஸ் டிரைவர். வாராவாரம் வந்து அண்ணனைக் குளிப்பாட்டிவிட்டுப் போவான். ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“அண்ணி, மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு ரெடியா வச்சிருந்தேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிய வேண்டியவருக்குத்தான் தெரியல.”

அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றாள்.

“பொறுக்கிறேன். சேந்து இருந்தா எனக்கு மட்டும் கசக்குதா? ஆனா அவரா என்னைக் கேட்டார்னா மறைக்க மாட்டேன். நீங்க சொல்ற கதைக்கெல்லாம் நான் தலையாட்டிட்டே இருக்க முடியாது அண்ணி.”

கேட்கத் தெரிந்திருந்தால் அல்லவா அவன் கேட்பான்? மாதங்கள் போயின. அவன் தானே நடந்தான், சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டான். அவள் சலவைக்கூடத்தில் மெஷின் சுற்றுவதைப் பார்த்தபடி, இப்போது எத்தனையாவது அத்தியாயத்தில் இருக்கிறோம் என்று யோசிப்பாள்.

ஒரு சாயங்காலம் அவன் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

“யோசிச்சுப் பாத்தேன். உங்க மேல எனக்கு ஒண்ணும் வரல. வரணும்னு முயற்சி பண்ணேன், நிஜமாவே. ஆனா நீங்க செஞ்சதுக்கு நான் எழுந்து போறது மனுஷத்தனம் இல்ல. இங்கயே இருந்துடுறேன்.”

இந்த இடத்தை அவள் எத்தனையோ தடவை படித்திருந்தாள். நாயகன் கடமைக்காக இருந்துவிடுகிறேன் என்பான். படிக்கிறவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள், இன்னும் பாதிக் கதை பாக்கி இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் வேண்டியதும் இதுதான். இருக்கிறேன் என்கிறான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களோடு லிஃப்டில் நிற்கிறவன் மேலே மாடி நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பானே, அந்த முகம். அவன் நிற்பதோ, இறங்க வேண்டிய மாடிக்குச் சாகும்வரை போகாத லிஃப்டில்.

“நீங்க போறதா ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தீங்க,” என்றாள். “விழுறதுக்கு முன்னாடியே. தம்பி வீட்டு மாடி ரூம் பேசி வச்சிருந்தீங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

அவன் பாதி நகம் வெட்டிய தன் கால் விரல்களைப் பார்த்தான். பிறகு, “ஏன்?” என்றான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். தம்பியிடம்கூட அவன் காரணம் சொல்லியிருக்கவில்லை. தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவன் கட்சி வக்கீலாக, தனக்கு எதிராக, அவளே வாதாட வேண்டியதாயிற்று. பொய்க் காரணம் வேண்டுமென்றால் கைவசம் நூறு இருந்தது. உங்களுக்குக் கோபம் அதிகம் எனலாம். வேறொருத்தி எனலாம். அவன் பாவம், நம்பித் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பான்.

“நீங்க என்ன பேசினாலும் நான் போனைப் பாத்துக்கிட்டே ‘ம்’னு சொல்வேன். ‘உன் கதையில வர்றவங்க யாரும் நிஜத்துல இல்ல, ஆனா அவங்ககிட்டத் தோக்குறது நான்தான்’னு சொன்னீங்க. அதுக்கும் நான் ‘ம்’னுதான் சொன்னேன்.” நகவெட்டியைக் கீழே வைத்தாள். “அப்புறம் ஒரு நாள். உங்ககூடக் குழியில வேலை பாத்தவர் செத்துட்டார். நீங்க வந்து வாசல்லயே உக்காந்து சொன்னீங்க. எனக்குக் கடைசி அத்தியாயம். முடிச்சுட்டு, ‘என்ன சொன்னீங்க?’ன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டீங்க. அதுக்கப்புறம் நீங்க எதுவும் சொல்றதில்ல.”

“யாரு செத்தது?”

இதை அவள் யோசித்திருக்கவில்லை.

“குள்ளண்ணன்,” என்றாள்.

அவனுக்கு அது இப்போதுதான் நடந்தது. முதலில் இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் முகம் கோணி, தையல் போட்ட பக்கம் துடிக்க, சத்தமில்லாமல் அழுதான். அழுகைக்கு நடுவே பேசினான். குள்ளண்ணன் எப்படிக் கம்பியைத் தட்டிச் சத்தத்தை வைத்தே பழுது சொல்வார், முதல் மாதம் இவன் செய்த தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு எப்படித் திட்டு வாங்கினார், தன் சாப்பாட்டில் பாதியை மூடியில் வைத்து எப்படி இவன் பக்கம் தள்ளுவார். அவன் காலை மடியிலிருந்து இறக்காமல் அவள் கேட்டாள். ஒரு ஆள் இவ்வளவு பேசுவான் என்பதே அவளுக்குப் புதிது. நடுவில் ஒரு தடவைகூட ‘ம்’ சொல்லவில்லை.

அழுது ஓய்ந்ததும் கேட்டான்: “அன்னிக்கும் இப்படித்தான் அழுதேனா?”

“தெரியல. நான் நிமிந்து பாக்கல.”

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். கோபம் ஒன்றும் இல்லை. அடுத்தவன் பார்த்த வேலையைச் சரிபார்க்கிற மெக்கானிக் மாதிரி இருந்தது. “அப்போ சரியாத்தான் முடிவு பண்ணியிருக்கேன்,” என்றான். பிறகு, “ஆனா இதை நான் மறந்துடுவேன். தூங்கி எழுந்தா இருக்காது. காலையில மறுபடியும் சொல்வீங்களா?”

சொல்வேன் என்றாள். சொன்னபோதே தெரிந்தது, சொல்ல மாட்டாள். காலையில் அவன் எழுந்து மரியாதையாகக் குட் மார்னிங் சொல்வான், இருந்துடுறேன் என்பான், இவள் நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். குள்ளண்ணன் மறுபடியும் வெளியூருக்குப் போய்விடுவார். தன்னை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்து போய்க் கொழுந்தனுக்குப் போன் செய்தாள்.

“இப்பவே வந்து கூட்டிட்டுப் போங்க. கேட்டுட்டார், நான் சொல்லிட்டேன்.”

காலையில் முதல் டிரிப் முடித்துவிட்டு வருகிறேனே என்றான் அவன்.

“காலையில வந்தீங்கன்னா நான் மாத்திப் பேசிடுவேன்.”

அரை மணியில் வந்துவிட்டான். அதற்குள் அவள் துணிகளையும் மருந்துகளையும் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், வெளிச்சம் ஆகாது என்றாள். கேட்டதையே கேட்பார், எரிந்து விழாதீர்கள். குள்ளண்ணன் செத்துவிட்டார் என்பதை மட்டும் தினமும் சொல்ல வேண்டாம், தானாகக் கேட்கும் அன்றைக்குச் சொன்னால் போதும். ஆனால் சொல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள். கொழுந்தன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். பையைத் தூக்கிக்கொண்டான்.

லிஃப்ட் பக்கமே அவன் திரும்ப மாட்டான் என்பதால் படி வழியாக இறங்கினார்கள். தம்பியின் தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கியவன், பாதியில் நின்று திரும்பிப் பார்த்தான். அழுது களைத்த முகத்தில் அழுததற்கான காரணம் எதுவும் இல்லை.

“நீங்க வரலையா?” என்றான்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க முன்னாடி போங்க. பாத்து இறங்குங்க, அங்க ஒரு படி உடைஞ்சிருக்கு.”

அவன் குனிந்து அந்தப் படியைப் பார்த்தான். நன்றி சொல்லிவிட்டு, அதைத் தாண்டிக் காலை வைத்தான்.