ரெண்டு மில்லி தகடு

முதியவர்கள் தொழுகைக்கு முன் உட்கார்ந்து கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்க ஒரு மடக்கு நாற்காலியை வரைந்து வைத்துக்கொண்டு, அதைச் செய்துதர ஆள் தேடி மூன்று மாதம் அலைந்தாள் ஃபரா. சீனாவிலிருந்து ஒரு கம்பெனி அழகழகாகப் படங்கள் அனுப்பியது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறை என்ற ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலை, ஆயிரத்துக்குக் குறைவாகச் செய்வதில்லை என்றது. மாக் மண்டின் பகுதியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சுப்பையாதான் படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல யாரும்மா உக்காருவாங்க? எவ்ளோ எடை இருப்பாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வேலையை அவரிடம் கொடுத்தாள்.

மாதிரி நாற்காலி கொஞ்சம் கனத்தது. கீலைப் பிடிக்கும் மூன்று மில்லிமீட்டர் தகட்டை இரண்டாக மெல்லிசாக்கச் சொன்னாள்.

“மூணு மில்லியே இருக்கட்டும்மா. ரெண்டு தாங்காது லா.”

“தாங்கும் அண்ணே. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

அவர் மறுபடியும் தயங்கவே, அன்று மாலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாள்: ‘ரெண்டே போடுங்க. என் பொறுப்பு.’

ஜார்ஜ்டவுனில் அவள் குடும்பம் போகும் பள்ளிவாசல் பத்து நாற்காலிகள் வாங்கியது. மூன்றாவது வாரம் முகம்மது கனி ஹாஜியார் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு பக்கம் மடங்கி, அவர் ஈரத் தரையில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

பள்ளிவாசல் நிர்வாகக் குழு ஃபராவையும் சுப்பையாவையும் கூப்பிட்டு விசாரித்தது. சிறுவயதிலிருந்து அவளைத் தெரிந்த ஆறு ஆண்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“எப்படிம்மா ஒடைஞ்சிச்சு?” என்றார் தலைவர்.

“வெல்டிங் சரியில்ல மாமா. நல்ல பட்டறைன்னு நம்பிக் கொடுத்தேன்.”

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சுப்பையா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு உடைந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். வெல்டிங் அப்படியே இருந்தது, தகடுதான் கிழிந்திருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. போனில் இருந்த அவள் செய்தியையும் எடுத்துக் காட்டவில்லை. “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடறேன்யா” என்று சொல்லி, பத்தையும் தானே சுமந்து லோரியில் ஏற்றினார். ஃபரா நின்ற இடத்திலேயே நின்றாள்.

வீட்டில், தான் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தியைத் திறந்து பார்த்தாள். அழித்துவிடலாமா என்று விரல் அதன்மேல் போய் நின்றது. அவர் போனிலும் அது இருக்கும் என்ற நினைப்புதான் அவளைத் தடுத்தது. தன்னைத் தடுத்தது மனசாட்சிகூட இல்லை என்று உணர்ந்தபோது உடம்பெல்லாம் கூசியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் குழு அறைக்குப் போய், அந்தச் செய்தியை அதே ஆறு பேர் முன்னால் வாசித்தாள். “அவர் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல. அன்னிக்கு நான் சொன்னது பொய்.” யாரும் திட்டவில்லை. அங்கே வந்திருந்த ஹாஜியார் மட்டும், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி, “அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டியா?” என்றார்.

அங்கிருந்து நேராக மாக் மண்டின் பட்டறைக்குப் போனாள். சுப்பையாவின் மனைவி தனலெட்சுமி அவளைப் பார்த்தும் ‘வா’ என்று சொல்லவில்லை. சுப்பையா கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் மன்னிப்புக் கேட்டதை முழுக்கக் கேட்டார்.

“வந்து சொன்னியே, அது போதும். எனக்குக் கோவம் இல்லம்மா.”

“மூணு மில்லியில திரும்பச் செய்யலாமா அண்ணே? இனிமே நீங்க சொல்றதுதான்.”

அவர் மேசையிலிருந்த அவளுடைய வரைபடங்களை எடுத்து அடுக்கினார்.

“வேற ஆளைப் பாத்துக்கம்மா. உன்கூட வேலை செஞ்சா, நீ சொல்ற ஒவ்வொரு பேச்சையும் எழுதி வாங்கி வச்சிக்கணும்னு தோணும். அப்படி வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்ல.”

வரைபடங்களை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். வாசலுக்குப் போகும்வரை, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் யாரையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.