பர்வின் வீட்டு மலைப்பாம்பு

தம்பி தௌபீக் தோஹாவுக்கு விமானம் ஏறிய மறுவாரமே பாம்பு பர்வினைக் கடித்தது. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டாள். சுருண்டு கிடந்த பாம்பு சடாரென்று பாய்ந்து மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி சுருண்டுகொண்டது. ஊசியால் குத்தினதுபோல வரிசையாக ரத்தப் பொட்டுகள். விஷமில்லாத ஜாதி என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் தையல் மிஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அது ஆப்பிரிக்கக் காட்டைச் சேர்ந்த சின்ன ரக மலைப்பாம்பு. தம்பி சென்னையில் வேலை பார்த்தபோது முறையாகப் பதிவு செய்து வாங்கியது. கத்தாரில் வேலை கிடைத்ததும் திருவாரூருக்குக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டுவிட்டான். பர்வின் தனியாக இருப்பவள். வீட்டின் முன்னறையே அவளுடைய தையல் கடை.

"லாத்தா, அது பாவம். ஒண்ணும் செய்யாது" என்றான் தௌபீக் போனில்.

"ஒண்ணும் செய்யாததுதான் என் கையில டிசைன் போட்டு வச்சிருக்கு."

அடுத்து பெட்டியைத் துடைக்கும்போது கடித்தது. இன்னொரு நாள் கை உள்ளே போவதற்கு முன்பே கண்ணாடியில் வந்து முட்டியது. ரவிக்கை வாங்க வந்த நீலாம்பாள் அதைப் பார்த்துவிட்டு வாசலைத் தாண்டவே மறுத்துவிட்டாள்.

"இங்கயே குடுத்துடும்மா. உள்ள வந்து நான் சாகணுமா?"

கடைசியில் தௌபீக்கே ஒரு வழி சொன்னான். மயிலாடுதுறையில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சித்தீக் பாம்பை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் கடிக்கக் கூடாதாம். அதை வீட்டைவிட்டு அனுப்புவதற்காகத்தான் பர்வின் அதைச் சாந்தப்படுத்த ஆரம்பித்தாள்.

முதல் துப்பு ஒரு மின்தடை நாளில் கிடைத்தது. பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மிஷின் ஓடவில்லை. பர்வின் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் மூலையில் இறுகிக் கிடக்கிற பாம்பு நிதானமாக வெளியே வந்து தண்ணீர் குடித்தது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. கரண்ட் வந்து அவள் மிஷினை மிதித்ததும் விருட்டென்று மூலைக்குப் போய்விட்டது. பர்வின் எழுந்து மேடையில் கையை வைத்துப் பார்த்தாள். மிஷினும் பெட்டியும் ஒரே சிமென்ட் மேடையில் இருந்தன. உள்ளங்கை வரை அதிர்ந்தது.

"அட பாவமே" என்றாள். "நாள் பூரா உன்னைப் போட்டு உலுக்கிக்கிட்டா இருந்தேன்?"

அன்றைக்கே பெட்டி பின்னறைக்குப் போனது. ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பை உடைத்து வாசல் வைத்தாள். தான் உடுத்திப் பழசான துப்பட்டாவில் ஒரு துண்டு கிழித்து உள்ளே போட்டாள். தன் வாடை அதற்குப் பழகட்டும் என்று. சில நாள் கையே விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஹெம்மிங் போடுவாள், அவ்வளவுதான்.

அப்புறம் கை விட்டபோதும் பாய்ந்தது. யோசித்துப் பார்த்தாள். மீன் கழுவிய கை. அதுவும் மேலேயிருந்து, பருந்து இறங்குகிற மாதிரி. அன்று முதல் சோப்புப் போட்டுக் கழுவாமல் பெட்டியைத் தொடுவதில்லை. முதலில் ஒரு மழுங்கின குச்சியால் உடம்பை மெல்லத் தடவுவாள். இரை இல்லை, ஆள்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும். பிறகு பக்கவாட்டில், தாழ்வாகக் கையைக் கொண்டுபோவாள். பாம்பு நாக்கை நீட்டி மோந்து பார்க்கும். கடிக்கவில்லை.

பாம்பை எடுத்துப்போக சித்தீக் வந்த நாளில் அதன் கண் பால் படிந்ததுபோல வெளுத்திருந்தது. தோல் உரிக்கப் போகிறது.

"பரவால்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர், கொண்டுவந்த கூடையைத் திறந்தபடி.

"இல்லங்க பாய். கண்ணு சரியாத் தெரியாத நேரம். இப்பப் புது எடத்துக்குப் போனா மிரண்டுடும். தோல் உரிச்சப்புறம் வாங்க."

வெறுங்கூடையோடு அவர் பஸ் ஏறினார்.

தோல் முழுசாக ஒரே உறையாகக் கழன்றிருந்த காலையில், பர்வின் முதல் தடவையாக இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். பாம்பு அவள் முழங்கைவரை ஊர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தலையைக் கைமடிப்பில் வைத்துக்கொண்டது. அதன் கனம் இதமாக இருந்தது. வேலை குவிந்து கிடந்தது; இருந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் சித்தீக் போன் பண்ணினார். "இப்பக் கடிக்குதாம்மா?"

"இல்லங்க."

"அப்ப ஞாயித்துக்கிழம வரட்டுமா?"

'வாங்க' என்று சொல்லத்தான் பர்வின் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "வேணாங்க பாய். இங்கயே இருக்கட்டும். உங்கள அலைய விட்டுட்டேன், தப்பா நெனக்காதீங்க."

விஷயம் கேட்டு தௌபீக் சிரித்தான். "புடிச்சுப்போச்சா லாத்தா?"

"புடிக்கிறதென்ன? எடம் மாத்திக்கிட்டே இருந்தா மறுபடி கடிக்க ஆரம்பிச்சுடும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

தீபாவளிக்குத் துணி கொண்டுவந்த நீலாம்பாள் பின்னறைக் கதவுவரை வந்து எட்டிப் பார்த்தாள். பர்வின் மடியில் பாம்பு கிடந்தது.

"தொடலாமாம்மா?"

"மேல இருந்து வேணாங்க. பக்கவாட்டுல தொடுங்க."

நீலாம்பாள் ஒற்றை விரலை நீட்டித் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள்.

"வழவழன்னு ஈரமா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்றாள். "இது பட்டு மாதிரி இருக்கு."