கண்ணைச் சுருக்கினால் பச்சை விளக்கு

எங்கள் துணிக்கடையில் ஊழியர் வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். என் முகத்துக்கு மட்டும் சிவப்பு. தைராய்டு தறிகெட்டு ஓடியதில் என் கண்கள் இரண்டும் வீங்கி முன்னால் வந்துவிட்டன. மெஷினுக்குத் தெரிந்ததோ என் பழைய முகம்.

"தைராய்டைத் தாக்குற அதே கோளாறுதான் கண்ணுக்குப் பின்னாடியும் வீக்கம் குடுக்குது. மாத்திரைல தைராய்டு அடங்கிடும். கண்ணு பழையபடி ஆகும்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரர் அதற்கு முன்பே, "இப்ப நான் என்ன சொல்லிட்டேன்னு முறைக்கிறே?" என்று கேட்டுக் கேட்டே பாதி நல்லவராகிவிட்டார்.

பில் கவுண்டரில் என் பக்கத்தில் உட்காரும் பெண்தான் வழி சொன்னாள். "கண்ணக் கொஞ்சம் சுருக்கிக்கோங்கக்கா, மெஷின் ஏமாந்துடும்." ஏமாந்தது. தினமும் பழைய முகம் போல நடித்து உள்ளே போனேன். எனக்கே கேவலமாக இருந்தது. என் வேலைக்கு நானே திருட்டுத்தனமாகவா நுழைவது?

இன்று காலை கண்ணில் மண் விழுந்தது போல ஒரே உறுத்தல். சுருக்க முடியவில்லை. சிவப்பு. மறுபடியும் சிவப்பு. பின்னால் எல்லோரும் வரிசையில் காத்திருந்தார்கள். மேனேஜர் வந்தார்.

"கொஞ்ச நாள் குடோன்ல இரும்மா. கவுண்டர்ல கஸ்டமருங்க பயப்படுறாங்க."

குடோனுக்குப் போன யாரும் கவுண்டருக்குத் திரும்பியதில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பில்லுல தப்பு வந்துச்சா சார்?"

"அது இல்லம்மா..."

"அப்ப நான் கவுண்டர்லதான் உக்காருவேன். பழைய முகத்த அழிச்சிட்டு இந்த முகத்த மெஷின்ல ஏத்துங்க. ஏத்துற வரைக்கும் இங்கேருந்து நகரமாட்டேன்."

நான் நகராமல் வேறு யாரும் உள்ளே போக முடியாது. கடை திறக்கும் நேரம் வேறு. அவர் முணுமுணுத்துக்கொண்டே பொத்தான்களை அழுத்தினார்.

"நேரா பாரும்மா."

பார்த்தேன். சுருக்காமல், முழுக் கண்ணாலும் பார்த்தேன். பச்சை எரிந்தது.

கவுண்டரில் உட்கார்ந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். முதலில் வந்தவர் சட்டைகளை மேஜைமேல் வைத்துவிட்டுத் தயங்கினார்.

"ஏம்மா முறைக்கிறீங்க?"

"முறைக்கல சார், இது தைராய்டு. நான் முறைச்சா எப்படி இருக்கும்னு எங்க மேனேஜரக் கேளுங்க."

பக்கத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த மேனேஜர் தலையை நிமிர்த்தவே இல்லை.