ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும் நாலாம் நம்பர் மாமியாரும்

1.

ஒரு மாமியாரின் விலை நூற்றுப் பத்து ரூபாய். மொத்தமாக எடுத்தால் தொண்ணூற்றைந்துக்கும் முடித்துத் தரலாம்.

விலையை நான் வைக்கவில்லை. புயல் கரை கடந்த மறுநாள் காலை, சுங்குவார்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் கண்ணெதிரே நடந்த பேரம் அது. (புயலுக்குப் பெயர் உண்டு. எழுதினால் வருடத்தைத் தேடிப் பிடித்துச் சண்டைக்கு வருவீர்கள். வேண்டாம்.) எழுத்தாளன் என்ற ஹோதாவில் நான் அங்கே போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்குப் பாய், வாளி, பிளாஸ்டிக் குடம் மொத்த வியாபாரம். புயல் வருகிறது என்றால் ஊர் வானத்தைப் பார்க்கும், என் அப்பா கிடங்கைப் பார்ப்பார். ஒரு தொழிற்சாலை முகாம்களுக்குப் பாய் கேட்டிருந்தது. குட்டி யானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு இறக்கப் போனேன். போன இடத்தில் இந்தக் கதை என் தலையில் இறங்கியது.

2.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏரிக்கரை மக்கள் தங்கள் உடைமைகளை—"

அடித்துவிட்டேன். 'உடைமைகள்' என்று எந்த மக்களும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்து:

"ஷெர்லின் நல்லவள்."

இதையும் அடித்தேன். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே 'நல்ல சரக்கு சார்' என்றால் அவர் பாயைப் பிரித்து ஓட்டை தேட ஆரம்பிப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

ஷெர்லின் பாய் வரிசையில் முன்னால் வந்து நின்று இரண்டு விரலைக் காட்டினாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவள். முந்தின நாள் தெருவில் தண்ணீர் ஏறியதும் அங்கே கொண்டுவரப்பட்டவர்களில் ஒருத்தி.

"எனக்கு ஒண்ணு, எங்க அத்தைக்கு ஒண்ணு."

பாய் கொடுத்துக்கொண்டிருந்தவர் பிரசன்னா. தொழிற்சாலை சூப்பர்வைசர், லீவு போட்டுவிட்டு உதவிக்கு வந்தவர்.

"அத்தை எங்கக்கா?"

"பின்னாடி கீறாங்க."

"முன்னாடி வரச் சொல்லுங்க. ஆளைக் காட்டுனாத்தான் பாய். பீஸ் இல்லாம ஸ்கேன் பண்ணா லைன்ல எண்ட்ரி ஏறுமா? உங்களுக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான். ஒரு மாமியாரைக் காட்டினால் நூற்றுப் பத்து ரூபாய்ப் பாய் ஒன்று. அத்தையைக் காட்டத் திரும்பினாள். மணமேடையில் ஈரப் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் யாரோ தூங்கினார்கள். மாமியார் லூர்தம்மாள் எங்கே போனாலும் இருப்பதில் நல்ல நாற்காலியைப் பிடித்துவிடுவார் என்பதால் முதலில் அங்கேதான் பார்த்தாள். பிறகு சமையல்கட்டு. பிறகு குளியலறை. நேற்று மாலையிலிருந்து, கூட்டத்தில் எங்கேயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தாள். வீட்டிலும் அப்படித்தான். ஒரே கூரை, தனித்தனி மூலை.

"இன்னாடி தேடுற?" என்றாள் அடுத்த வீட்டு சரோஜா, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

"எங்க அத்தையை."

"நீதானேடி பஸ்ல ஏத்தி உக்கார வெச்ச?"

"ஆமா, நாம வந்த பஸ்ல..."

"நாம வந்தது ஒம்போது. நீ அவங்களை ஏத்துனது நாலு." சரோஜா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. "எங்கடி கழட்டி வுட்ட மாமியாரை?"

3.

இங்கே கதையை நிறுத்தி பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது.

எங்கள் பக்கத்தில் கம்பெனி ஷிப்ட் பஸ்ஸின் நிறத்தையோ ஊர்ப்பெயரையோ யாரும் பார்ப்பதில்லை. முன்கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தில் ஒரு நம்பர் இருக்கும். அதுதான் உன் பஸ். ஷெர்லினுக்கு ஆறு வருடமாக ஒன்பது. விடிவதற்குள் வரும், ஏறுவாள், உட்காருவதற்குள் தூங்கிவிடுவாள்.* தண்ணீர் வந்த அன்று கம்பெனி பஸ்களைத்தான் மீட்புக்கு அனுப்பினார்கள். காகிதத்தைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை. "எதுல வேணா ஏறுங்க" என்று ஒருவர் மெகாபோனில் கத்தினார். ஷெர்லின் முன்னால் நின்ற நாலாம் நம்பரில் லூர்தம்மாளை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். "தோ வந்துட்றேன்" என்று கேஸ் சிலிண்டரை மூட ஓடினாள். முழங்கால் தண்ணீரில் திரும்பி வந்தாள். கால் ஒன்பதில் ஏறியது. வழக்கம்போலத் தூங்கியும் போனாள். ஒன்பது மண்டபத்துக்கு வந்தது. நாலு ஒரகடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

(* ஷிப்ட் பஸ்ஸில் தூங்காதவர் இரண்டே பேர்: டிரைவர், புதிதாகச் சேர்ந்தவர்.)

கதை இவ்வளவுதான் என்றால் பழக்கதோஷம் என்று முடித்துவிடலாம். என் சங்கடம் வேறு. மாமியாரின் போன் ஷெர்லின் பையில் இருந்தது. சர்க்கரை மாத்திரையும் அதே பையில். நனையக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் சுற்றினாளாம். தண்ணீர் வருவதற்கு முந்தின நாள், ஏரிக்கரை வீட்டை விட்டு வாடகை வீட்டுக்குப் போகலாம் என்று இவள் கேட்டு, மாட்டேன் என்று அவர் சொல்லி, தெருவே பார்க்க இவள் கத்தியிருக்கிறாள்: "தண்ணி வந்தாத்தான் இந்தக் கெழவி நகரும்!"

அடுத்த நாள் தண்ணீர் வந்தது.

பாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுத்தாளன் வேலை. பிறகு என் வண்டியில் போகும்போது கேட்டே விட்டேன்.

"வேணும்னு பண்ணியாம்மா?"

"இல்லண்ணா." கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகினாள். "இல்லன்னுதான் நெனைக்கிறேன். தெரியலண்ணா."

இந்த 'தெரியல'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வில்லியாகவும் விற்க முடியாது, அப்பாவியாகவும் விற்க முடியாது.

4.

வரிசையிலிருந்து அவள் விலகுவதற்குள் போன் அடித்தது. கணவன் ஜோயல். உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டுக்குப் போனவன், சாலை மூழ்கியதால் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

"சாப்ட்டீங்களா? அம்மா கிட்ட குடு."

"தூங்குறாங்க."

"இந்நேரத்துலயா? மாத்திரை போட்டாங்களா?"

"போட்டாங்க."

"சரி, ரோடு வுட்டுட்டாங்க. நேரா மண்டபத்துக்கு வந்துட்றேன்."

சொன்ன இரண்டு பொய்களையும் அவள் அப்போது எண்ணவில்லை. நேற்று மதியத்திலிருந்து மாத்திரை இல்லாமல் இருக்கும் உடம்பைத்தான் எண்ணினாள். போன தடவை இரண்டு வேளை தவறியதற்கே லூர்தம்மாள் சமையலறையில் சுருண்டு விழுந்திருந்தார். தூக்கி ஆட்டோவில் போட்டவள் இவள்தான். நாலு எங்கே போனது என்று பிரசன்னாவிடம் கேட்டுக்கொண்டு என் வண்டியிடம் வந்தாள்.

"அண்ணா, மிச்சப் பாய் எங்க போவுது?"

"ஒரகடம் பக்கம், ஸ்கூலுக்கு."

மேலே கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவள் பேசியதை எழுதினால் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் உறவு இருக்காது. "சோறு குழைஞ்சா துன்ன மாட்டாங்க." "விழுந்திருந்தா யாருக்கு சொல்லுவாங்க, என் நம்பர்கூட அவங்களுக்குத் தெரியாது." "ஒரு நாளாவது நான் சொன்னதைக் கேட்டிருக்காங்களாண்ணா?" சாலையில் தண்ணீர் தேங்கிய இடங்களில் நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் கால் வண்டித் தரையை ஆக்ஸிலரேட்டர் போல அழுத்தியது. பேச்சை மாற்ற, நான் கதை எழுதுவேன் என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

5.

கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவது: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். உடனே விலை போகும் சரக்கு. அந்த இருவரையும் பார்த்த யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது: "பள்ளிக்கூட வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று—" இந்த வாக்கியம் எங்கே போகும் என்று தெரியும். விட்டுவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது. வகுப்பறை வராந்தாவில் டீச்சர் நாற்காலியில் லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறி, உதடு காய்ந்து போயிருந்தது. அந்த நிலையிலும் கிச்சடி பரிமாறுகிறவரிடம் உப்பு பற்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நாளைக்குத்தான் வருவன்னு நெனைச்சேன்."

ஷெர்லின் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே மூச்சில்: "அத்தை, நான் தெரியாம ஒம்போதுல ஏறிட்டேன். சத்தியமா."

"பார்த்தேனே."

"இன்னா பார்த்தீங்க?"

"ஜன்னல் வழியா. நீ தண்ணியில தொபுக்கு தொபுக்குனு ஓடி அதுல ஏறுனதை."

"கூப்புட்டிருக்கலாம்ல!"

"கூப்புடத்தான் வாயைத் தொறந்தேன்."

"அப்புறம்?"

"மூடிக்கினேன்."

"ஏன் அத்தை?"

லூர்தம்மாள் தட்டிலிருந்த கிச்சடியைத் தள்ளி வைத்தார். "இன்னாத்துக்குன்னு கேட்டா? ஒரு வேளை உன் சத்தம் இல்லாம துன்னலாம்னு தோணிச்சோ என்னவோ. எனக்கே தெரியல, போ."

எனக்கு வண்டியிலேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஒரு 'தெரியல'வையே சமாளிக்க முடியாமல் வந்தவன் நான். இப்போது இரண்டு.

"அவனுக்குத் தெரியுமா?" என்றார் லூர்தம்மாள்.

"நீங்க தூங்குறீங்கன்னு சொல்லிட்டேன். மண்டபத்துல."

"நானு? பகல்ல? ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல உனக்கு."

அப்போது ஷெர்லினின் பையில் லூர்தம்மாளின் போன் அடித்தது. ஜோயல். மண்டபத்துக்குப் போயிருப்பான். சரோஜாவும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டு பெண்களும் போனைப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. பிறகு இருவரும் சேர்ந்தாற்போல என்னைப் பார்த்தார்கள். முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்று நினைக்கிறேன்.

"இவரு கதை எழுதுறவராம் அத்தை," என்றாள் ஷெர்லின். காதில் விழுந்திருக்கிறது.

"அப்ப வசதியாப் போச்சு," என்று லூர்தம்மாள் போனை என் கையில் வைத்தார். "நீயே பேசு தம்பி. எதுனா நல்லதா சொல்லு."

6.

இந்த இடத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். "ஹலோ, ஜோயல், உங்க மனைவி வேணும்னு—" அடித்தேன். "உங்க அம்மாதான் பார்த்துக்கிட்டே—" அடித்தேன். "பஸ் மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்பது உண்மை. ஆனால் 'அவ்வளவுதான்' என்பது பொய். உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் அது அந்த இருவரிடமே இல்லை. பாய் விற்க வந்தவனிடம் எங்கே இருக்கும்?

போன் அடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கமாக நீட்டுகிறேன். எடுங்கள். எடுப்பதற்கு முன் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்:

தெரிந்தா தெரியாமலா என்று சொல்ல முடியாத தப்பு, ஷெர்லின் பெயரில்: ஒன்று.

அதே ரகம், லூர்தம்மாள் பெயரில்: ஒன்று. ஒன்றுக்கு ஒன்று நேர்.

பொய், ஷெர்லின் சொன்னது: இரண்டு. அதில் மாத்திரைப் பொய், மாத்திரை உள்ளே போனதால் தாமதமாக மெய்யானது. தள்ளுபடி: ஒன்று.

நிலுவை, ஜோயலுக்குத் தர வேண்டியது: ஒன்று.