அவள் யோசிக்கிறாள்

"நான் இருக்கவா, கிளம்பவா? ஒரு வார்த்தை சொல்லு."

அம்மாதான் கேட்டாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என்ன, பேச்சே காணோம்? கேட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"இரு, அவசரப்படுத்தாதே. அவ யோசிக்கிறா."

கையை உயர்த்தி அப்படிச் சொன்னவர்தான். பிறகு பேசவே இல்லை.

நேற்றுக் காலை நடந்தது அது. மகன் அப்போது சமையலறையில் ஒழுகும் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். இன்று அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வீடு திரும்பியாயிற்று. துக்கம் கேட்க வருபவர்களுக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவனின் காதில் அந்தக் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பதில் கிடைக்காத கேள்வி.

அது கணவன் மனைவி சண்டை இல்லை, வாரப் பத்திரிகைக்கான தொடர்கதை. நாற்பது வருடங்களாக அந்த மேசையில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கதையில் வரும் ஆண்களின் பேச்செல்லாம் அம்மாவுடையது, பெண்களின் பேச்செல்லாம் அப்பாவுடையது. முதல் கதையிலேயே அப்படி ஆகிவிட்டது. கணக்கு டீச்சரான அம்மா எழுதிய கதாநாயகி எதற்கும் 'சரி', 'முடியாது' என்று இரண்டே பதில்தான் வைத்திருந்தாள். தொழிற்சாலையில் பாய்லர் பார்த்த அப்பா எழுதிய கதாநாயகனோ மூன்றாம் பக்கத்திலேயே தேம்பி அழுதான். மாற்றிக்கொண்டார்கள். அம்மா பெயரில் கதை வந்தது. அப்பா எழுதுகிறார் என்பது வீட்டுச் சுவர்களுக்கு மட்டும் தெரியும்.

மகனுக்கும் தெரியும். அந்த மேசைக்கடியில் வளர்ந்தவன் அவன். பன்னிரண்டு வயதில் ஒருநாள் அப்பா திணறிய இடத்தில், கதாநாயகி என்ன சொல்லுவாள் என்பது அவனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. 'நான் சொல்லட்டுமா' என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள், "வெளியே போய் விளையாடுடா" என்றார் அப்பா. போய் விளையாடினான். அதோடு முப்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டு அலறுபவர்களிடம் மேலேயிருந்து அவன் பேசிக்கொடுப்பதைக் கேட்டுவிட்டுக் கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு 'நர்ஸம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முதலில் வந்தது ஒரு பேராசிரியை. அம்மாவின் கதைகளைப் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதியவர். ஆணின் பேனாவுக்கு எட்டாத பெண்மொழி என்று அதில் இருநூறு பக்கத்துக்கு நிரூபித்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க எழுத்துக்கு அவர் எவ்வளவு துணையா இருந்திருப்பாரு" என்றார்.

"இருந்தாரும்மா" என்றாள் அம்மா.

கீழ்வீட்டு அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், இன்னைக்காவது மனசுல இருக்கிறதைக் கொட்டிடறேன். நீங்க ரெண்டு பேரும் தெனம் சண்டை போடுவீங்களே, அதெல்லாம் எங்க ஜன்னலுக்குக் கேக்கும். உங்களைப் பத்தித் தப்பாத்தான் நெனச்சிருந்தேன். பாவம் மனுஷன், எப்படிக் கெஞ்சுவாரு!"

"என்னன்னு கெஞ்சினாரு?"

அத்தை மகனை ஒருமுறை பார்த்துத் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒருநாள், அந்தக் கட்டைக் குரல்ல, 'உங்க குழந்தை என் வயித்துல இருக்கு, அதுக்காகவாவது கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க'ன்னு சொன்னாரு. சத்தியமா என் காதால கேட்டேன். அன்னையிலிருந்து அவருக்கு மூளை தெளியணும்னு வேண்டாத நாள் இல்லை, டீச்சர்."

அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மகன் கிட்டே போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அவனுக்கும் தொற்றிக்கொண்டது.

பேராசிரியை மட்டும் டீயை வாய்க்குக் கொண்டுபோனபடி அப்படியே இருந்தார். "அந்த வரி... 'கதவை மெதுவா சாத்திட்டுப் போங்க'... அது என் புத்தகத்தோட எட்டாவது அத்தியாயம். எந்த ஆம்பளைக்கும் தோணாத வரின்னு எழுதியிருக்கேன்."

"ஆமா. அதைப் படிச்சிட்டு அவர் மூணு தடவை அழுதாரு."

"அப்போ அந்தக் கல்நெஞ்சுக்காரன்? பெட்டியைத் தூக்கிட்டுத் திரும்பிப் பார்க்காம போவானே?"

"அது நான்" என்றாள் அம்மா, வகுப்பில் கை தூக்குகிற பிள்ளையைப் போல.

பேராசிரியை டம்ளரைக் கீழே வைத்தார். கோபம் வருமோ என்று பார்த்தான் மகன். அவர் அம்மாவின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என் மாணவிங்க முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்!"

"முன்னாடியே சொல்லக்கூடாதா டீச்சர்? என் வேண்டுதலெல்லாம் வீணாப் போச்சே" என்றாள் அத்தை.

"சொல்லுங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். கூட வேலை பார்க்கிறவங்க கேலி பண்ணுவாங்களாம். கொதிக்கிற பாய்லருக்குப் பயப்படாத ஆளு, இதுக்குப் பயந்தாரு."

மகன் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"இனிமே?" என்று பேராசிரியை கேட்பது சமையலறைக்குக் கேட்டது.

"இப்ப வர்ற தொடரோட கடைசி அத்தியாயம். நாளைக்குக் காலையில அனுப்பணும். இதுல கதாநாயகன் திரும்பி வந்து வாசல்ல நின்னு கேட்டுட்டான். அவ பதில்தான் பாக்கி. நானே எழுதிப் பார்த்தேன். 'சரி, உள்ளே வாங்க'ன்னு வருது. பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி. வேண்டாம், அவ பேசாமலே முடியட்டும்."

மகனின் கையிலிருந்த டம்ளர் குழாய்க்கடியில் நிரம்பி வழிந்தது. நாற்பது வாரமாகக் காத்திருந்தவள் அவள். பேசாமல் முடிவதாவது! அவள் என்ன சொல்லுவாள் என்பது நேற்றே, ஒழுகும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே அவனுக்குத் தெரியும்.

ஐந்து மணிக்குமேல் எல்லோரும் போனார்கள். கடைசியாகக் கிளம்பிய அத்தை, "அந்தக் குழந்தை கடைசியில பொறந்துச்சா?" என்று வாசலில் நின்று கேட்டாள். பெண் குழந்தை என்று அம்மா சொன்னதும்தான் நிம்மதியாகப் படியிறங்கினாள்.

அம்மா மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஜன்னல் வெயில் அப்பாவின் கண்ணாடிமேல் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"'நான் இருக்கவா, கிளம்பவா? ஒரு வார்த்தை சொல்லு.'"

சத்தமாகப் படித்துவிட்டு, பழக்க தோஷத்தில் எதிர் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கதை முடிந்ததென்று நோட்டில் கோடு ஒன்று இழுத்து, பேனா மூடியைத் தேடினாள்.

மூடி மகன் கையில் இருந்தது.

"கொடுடா."

அவன் கொடுக்கவில்லை. மீசையைத் தடவினான். தொண்டையைச் செருமினான். எத்தனையோ மாடிகளுக்கு நடுவே, இருட்டில் யார் யாருக்கோ தைரியம் சொன்ன குரல் இப்போது வருவேனா என்றது.

"அம்மா, அவ யோசிச்சு முடிச்சிட்டா."

"என்னது?"

"அவ பேச்சை... நான் பேசட்டுமாம்மா? சின்ன வயசிலிருந்தே கேக்கணும்னு இருந்தேன்."

அம்மா அவனைப் பார்த்தாள். அந்த மீசையை, கிரீஸ் போகாத நகங்களை. பிறகு மேசைக்கடியில் காலை நீட்டி, எதிர் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.