டாக்டர் எழுதாத உப்புக்குறைவு

டாக் ஹென்சியோ (டாக்டரை இங்கே எல்லோரும் ‘டாக்’ என்பார்கள்) மருத்துவம் படித்தவர். வைத்தியம் பார்த்தவர் அல்ல. அதை மறைக்கத்தான் கழுத்தில் எந்நேரமும் ஸ்டெதாஸ்கோப். பிலிப்பைன்ஸின் செபு நகரில், பன்னிரண்டாம் மாடியில், கணினிகள் மட்டுமே உள்ள பயிற்சி அறையில் அவர் யாருடைய நெஞ்சைக் கேட்கப் போகிறார் என்று எனக்கு ஆறு வாரமாகியும் விளங்கவில்லை.

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் அவருடைய கோப்பு எங்கள் திரைக்கு வரும். ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு உண்டு. காப்பீட்டு நிறுவனம் கோப்பை முழுக்கப் படிப்பதில்லை. குறியீடுகளை வைத்துத்தான் பணம் தருகிறது. அதனால் இந்தத் தொழிலின் அடித்தளம் ஒரே விதி: சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதிய நோய்க்கு மட்டுமே குறியீடு. ரத்தப் பரிசோதனை எண் தாறுமாறாக இருந்தாலும் நோயின் பெயரை நாம் வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அந்த மருத்துவரிடம் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு! பார்த்தவர் சொல்ல வேண்டும், பார்க்காதவர் கேட்க வேண்டும்.

ஏழு ஆண்டுகள் வார்டில் நர்சாக இருந்த எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. எண்ணைப் பார்த்ததும் நோய் தெரிந்துவிடும். கை தானாகக் குறியீட்டைத் தட்டப் போகும். அந்தக் கையை அடக்கப் பழகினேன். டாக் ஹென்சியோ பழகவில்லை.

இறுதித் தேர்வில் இருபது கோப்புகள். பத்தொன்பது சரியாக இருந்தால் வேலை. எனக்குப் பதினெட்டு. பழைய வேலையை விட்டாயிற்று. அந்த இடத்தில் வேறொருத்தி சேர்ந்தும் விட்டாள்.

இரண்டு தவறுகளில் ஒன்று என்னுடையதுதான். மற்றது பதினான்காம் கோப்பு. நோயாளியின் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு 124, இருக்க வேண்டியது 135க்கு மேல். உப்புநீர் ஏற்றியிருந்தார்கள். ஆனால் ‘சோடியம் குறைவு’ என்று மருத்துவர் எங்குமே எழுதவில்லை. நான் குறியீடு போடாமல் கேள்வி எழுதினேன். விடைத்தாளில் குறியீடு இருந்தது. விடைத்தாளைத் தயாரித்தவர் டாக் ஹென்சியோ.

மதிப்பீடு தவறென்றால் விதியின் பிரிவைக் காட்டி மறுப்புப் படிவம் எழுதலாம். எழுதினேன். அவர் என்னைத் தன் மேசைக்கு அழைத்தார்.

“ஜோசெல், நூத்தி இருபத்தி நாலு. இதுகூட நோய் இல்லையா? நீங்கள்லாம் என்ன நர்சு?”

“நோய்தான் டாக். ஆனா அந்த ஆளைப் பாத்த டாக்டர் நீங்க இல்லையே.”

அவர் கை ஸ்டெதாஸ்கோப்பைத் தடவியது. குரல் இறங்கியது. “சரி, உனக்கு ஒரு மார்க் போட்டுடறேன். அந்த ஃபாரத்தை வாபஸ் வாங்கிடு. விடைத்தாளை மாத்தினா மேல இருக்கறவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க.”

மதியம் கூடப் பயிலும் என் தோழி சோனாவிடம் சொன்னேன். அவளும் நர்ஸ்தான். ஓலைப்பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அவளுக்குப் பத்தொன்பது, பதினான்காம் கோப்பில் குறியீடு போட்டிருந்தாள்.

“மாத்தினா எனக்குப் பதினெட்டுதானே?”

“ஆமா. நீ ஏன் போட்டே? விதி உனக்குத் தெரியுமே.”

“டாக்குக்குப் பிடிக்கும்னுதான் போட்டேன். உனக்கும் மார்க் தரேன்னு அவரே சொல்லிட்டாரே, வாங்கிட்டு வாய மூடேன்டி. உனக்கும் வேலை, எனக்கும் வேலை.”

“இதே மாதிரி வேலையில போட்டா, ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் போயிடலாம். தணிக்கையில பிடிப்பாங்க. அப்ப டாக் பேரு வராது, உன் பேருதான் வரும்.”

“அதை அப்ப பாத்துக்கலாம். பெரிய தர்மதேவதை!”

அவளும் கேட்பதாக இல்லை. ஏழு ஆண்டுகளாக நான் பார்த்த மருத்துவர்களில் பாதிப்பேர் இப்படித்தான். நர்சுகளில் பாதிப்பேர் அவர்களுக்குத் தலையாட்டியவர்கள். அந்தத் தலையாட்டலிலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வந்திருந்தேன். படிவத்தை வாபஸ் வாங்கவில்லை. டாக்கைத் தாண்டி, மதிப்பீடுகளைச் சரிபார்க்கும் தரப்பிரிவுக்கே அனுப்பினேன்.

திங்கட்கிழமை டாக் ஹென்சியோ வகுப்பின் முன்னால் நின்றார்.

“பதினாலாவது கோப்பை மறுபடி ஆராய்ஞ்சு பாத்தேன். ஒரு நுணுக்கமான விஷயம் என் கண்ணுல பட்டுது,” என்று தொடங்கி, என் படிவத்தின் நான்கு வரிகளைச் சொல் மாறாமல் ஒப்பித்தார். சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பத்தொன்பது. சோனாவையும் சேர்த்து, பதினெட்டுக்கு இறங்கிய ஆறு பேருக்கு வெள்ளிக்கிழமை மறுதேர்வு. அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. டாக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

“தேங்க்யூ டாக். நீங்க சொன்னப்புறம்தான் புரிஞ்சுது.”