அம்மை வீட்டில் மாத்திரை

சுவரோரப் பாயில் கோகிலா கிடந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், வேப்பிலை பரப்பிய சாக்கில், ஆறு வயது மகள் ஷாமிளா. வாசற்படிக்கு உள்ளே, மஞ்சள்நீர்ச் செம்பை ஒட்டிச் சம்மணம் போட்டிருந்தவர் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி கன்னையா. அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் கோகிலாவின் புருஷன் அழகமுத்து குந்தியிருந்தான். மடியில் மாத்திரைப் புட்டி. லொறிக்கார சாலி மட்டும் உள்ளே வராமல் லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். ருவான்வெல்லைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் நாலைந்து வீடுகளில் அம்மை. இந்த வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றாகவே போட்டுவிட்டது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, சோற்றில் உப்புச் சேர்க்கக் கூடாது, இங்கிலீஷ் மருந்து படியேறக் கூடாது.

கோகிலாவின் சீக்கு அதற்கும் பழையது. முந்தின வருஷம் அவள் மேனி காரணமில்லாமல் கறுத்துக்கொண்டே வந்தது. உள்ளங்கை ரேகையும் ஈறும்கூடக் கறுத்தன. "என்னடி, ரப்பர் ஷீட்டோட சேத்து ஒன்னையும் ஸ்மோக் ஹவுஸ்ல தொங்க விட்டுட்டாங்களா?" என்று ரப்பர்ப் பால் வெட்டுகிற பெண்கள் கேலி பண்ணினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பால் வாளியைத் தூக்க முடியாமல் போயிற்று. சாடியிலிருந்து உப்பை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கொழும்புத் துணிக்கடையில் வேலை செய்த தம்பி பிரதீபன்தான் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை அத்தானுக்கு வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னதும், மாதாமாதம் கிளினிக்கில் மாத்திரை எடுத்து அனுப்பியதும் அவன்தான்.

சிறுநீரகங்களின் தலைமாட்டில் ஆளுக்கொன்றாக இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. காய்ச்சலோ அடியோ வந்தால் உடம்பு விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதும், உடம்பில் உப்பை நிறுத்தி வைப்பதும் அவை சுரக்கிற நீர்தான். கோகிலாவுக்கு அது வற்றிவிட்டது. இனி மாத்திரைதான் அவளுக்குச் சுரப்பி. ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு; வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி, ஊசி.

"பூசாரியண்ணே, ரெண்டு நாளா ஒரு மாத்திரகூட உள்ள போகல. இப்ப இவளுக்குக் காய்ச்சல்" என்றான் அழகமுத்து.

"காய்ச்சலா இது? வந்திருக்கறது ஆத்தா, தம்பி. அவ வீட்டுல இருக்கறப்ப வேற வைத்தியம் பாத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"பல்லு வீங்குனப்ப என் லொறியிலதானே ஆஸ்பத்திரிக்கு ஏறுனீங்க, கன்னையா?" என்றார் சாலி வெளியிலிருந்து.

"அது பல்லு. பல்லுக்கு ஏதுய்யா சாமி?"

கோகிலாவின் வெடித்த உதடுகூட லேசாக விரிந்தது. பிறகு கேட்டாள்: "ஏங்க, ஒரு கல்லு உப்பாவது குடுங்களேன்." கேட்டவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம், வேணாம். புள்ள கண்ணெம மேல பாருங்க, ஒரு முத்து. ஆத்தா கோவிச்சா கண்ண வாங்கிருவா."

"ஒனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் தாங்குவேன். ஊத்துன ஒடனே முழுங்கிக்கறேன். அந்தப் புட்டிய மூடுங்க."

அவள் வாயைத் திறந்து ஊட்ட அவனுக்குப் பலமிருந்தது. டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் நினைவிருந்தது. மகளின் இமையைப் பார்த்தான். புட்டியை மூடினான்.

சாயங்காலம் வாந்தி தொடங்கியது. அப்போதும், "தண்ணி ஊத்தட்டும், ஆஸ்பத்திரி வேணாம்" என்றாள். விடியும்போது கோகிலாவின் கால்கள் சில்லிட்டிருந்தன; புருஷனை ஆள் தெரியாமல் பார்த்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, வேலைக்குப் பேர் குடுக்கணும், தம்பி" என்றாள். மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றினான். அப்படியே வெளியே வந்தது.

"சாலியண்ணே!" என்று அவன் போட்ட கூச்சலில் லயமே எழுந்து வந்தது. பால் டின்களை இறக்கி வைத்துவிட்டு லொறியில் இடம் பண்ணினார்கள். கால்மாட்டைப் பிடித்துத் தூக்கியவர் கன்னையாதான். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அழகமுத்துவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அன்றைக்கு மூன்று விரலைத்தான் காட்டினான். மத்தியானத்துக்குள் கோகிலா அடங்கிவிட்டாள்.

அம்மையோடு போன உடம்பைச் சொந்தபந்தம் வரும்வரை வைத்திருக்க மாட்டார்கள். தப்பு மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. வெயில் சாய்வதற்குள் ரப்பர் மலையோரம் புதைத்துவிட்டார்கள்.

பிள்ளைக்கு முத்துகள் காய்ந்தன. தண்ணீர் ஊற்றினார்கள். "பாத்தியா தம்பி, கண்ண விட்டுட்டா" என்றார் கன்னையா. மாத்திரை கொடுத்திருந்தால் கண் போயிருக்குமா என்பதை இனி எவரிடமும் கேட்க முடியாது. அழகமுத்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினான்.

"மச்சான் பிரதீபனுக்கு, உன் அக்கா செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். அம்மையில் போனாள் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நீ நம்பாதே. புட்டியில் மாத்திரை இருந்தது. அவள் வேண்டாமென்றாள், நான் மூடி வைத்தேன். உனக்குக்கூடக் காத்திருக்காமல் புதைத்துவிட்டோம். ஷாமிளா சுகம். இந்த மாதம் கிளினிக்கில் மாத்திரை எடுக்கப் போக வேண்டாம்."

"நல்லபடியா எழுதிட்டியா?" என்று கேட்டார் கன்னையா.

"எழுதிட்டேண்ணே."

சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டினான். வாசலில் சாலி லொறியைக் கிளப்பியிருந்தார். கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ருவான்வெல்லைத் தபால்கந்தோர்ப் பக்கம் இறங்கிப் போனார்.